ஞாயிற்றுக்கிழமை ஆசாரி

அம்மாவுக்கு முழங்கால் வலி. பூஜை அறையில் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. 'நானே ஒரு குட்டி ஸ்டூல் செஞ்சு தர்றேன்' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஃபைல் தவிர வேறெதையும் கட்டி அறியாத கை!

மரக்கடையில் தேக்கு விலை கேட்டேன். ஒரு கன அடிக்கு அவர் சொன்ன ரேட்டில், பக்கத்தில் சாத்தியிருந்த சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். "மாம்பலகை இருக்கு சார், சீப்" என்றார். வாங்கி அறைந்தேன். சித்திரை வெயிலில் பலகை அப்பளமாக வளைந்தது. நாலு காலும் நாலு கட்சி. அம்மா உட்கார, ஸ்டூல் சாய... நல்லவேளை, பக்கத்தில் சுவர் இருந்தது.

தெரு முனை ஆசாரியிடம் பலகையைக் காட்டினேன். "மாமரத்தைத் திட்டாதீங்க தம்பி. பச்சையா வாங்கிட்டீங்க. ஓர் அங்குல கனம் காய ஒரு வருஷம்னு கணக்கு. அவசரம்னா இடிச்ச வீட்டு மரத்தைப் பாருங்க. அது உங்க வயசுக்கு முன்னாடியே காஞ்சது."

அவரிடம் கற்றதை, உளி வாங்கும் உத்தேசத்தில் இருப்பவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

முதலில், 'ஹார்ட்வுட்' என்ற பெயருக்கு மயங்காதீர்கள். இலை அகன்ற மரமெல்லாம் அந்த ஜாதிதான். நகம் பட்டாலே பள்ளம் விழுகிற பால்சாகூட! தேக்குதான் வேண்டுமென்று விரதம் எதற்கு? காய்ந்த வேம்பு, பூவரசு, வாகை எல்லாம் தாராளமாக உழைக்கும்.

இரண்டாவது, கணக்கு. ஓர் அடிக்கு ஓர் அடி, ஓர் அங்குல கனப் பலகை என்பது ஒரு கன அடியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். நாலு கால், குறுக்குச் சட்டம் எல்லாம் சேர்த்தும் என் ஸ்டூலுக்குக் கால் கன அடி போதும். இவ்வளவுக்கு முழுச் சட்டம் வாங்காமல், அறுத்து மிஞ்சிய துண்டுகளைக் கேளுங்கள்.

மூன்றாவது, பழைய மரம் வாங்கப் போனால் பையில் ஒரு காந்தம். உள்ளே ஒளிந்திருக்கும் ஆணி, ரம்பத்தின் பல்லைப் பிடுங்கிவிடும். குண்டூசித் துளைகளிலிருந்து மாவு கொட்டினால் உள்ளே வண்டு குடித்தனம் நடத்துகிறது. அந்தக் கட்டையை வீட்டுக்கு அழைத்து வராதீர்கள்.

பழைய மரக்கடையில் உடைந்த ஜன்னல் சட்டம் ஒன்று கிடைத்தது. மேலே நாலு கோட் பச்சைப் பெயிண்ட். சுரண்டினால் உள்ளே பொன்னிறத் தேக்கு! புதுத் தேக்கின் விலையோடு ஒப்பிட்டால் ஏதோ கொசுறு வாங்கிய மாதிரி இருந்தது. மூன்று ஞாயிறு, இரண்டு பிளாஸ்திரியில் ஸ்டூல் தயார்.

அம்மா உட்கார்ந்தாள். ஆடவில்லை. விளக்கேற்றினாள். சுலோகம் முடியும்வரை ஒரு கை மட்டும் சுவரை விடவே இல்லை.

"ஸ்டூல் நல்லாத்தாண்டா இருக்கு... செஞ்சது நீயாச்சே!"