சாஃப்ட் ஹைஃபன் போகட்டும், அறிவு போகலாமா?

ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் (2019/882) கடந்த 2025 ஜூன் 28 முதல் மின்னூல்களுக்கும் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதைக் காட்டிச் சில பதிப்பகங்கள் புதிய ஸ்டைல் ஷீட் அனுப்புகின்றன: இபப் மின்னூல் கோப்பில் சாஃப்ட் ஹைஃபன் (வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று காட்டும் மறைகுறி) ஒன்றுகூட இருக்கக் கூடாது. சட்டத்தில் ஹைஃபன் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனாலும் எடுத்துவிடலாம் என்பதே டைப்செட்டிங் துறையினரான நம் நிலைப்பாடு. சில ஸ்கிரீன் ரீடர்கள் அந்த இடத்தில் சொல்லைத் துண்டாக்கி வாசிக்கின்றன. பார்வையற்ற வாசகரின் காதில் சொல் முழுதாக விழ வேண்டும்.

ஆனால், சொல்லை எங்கே உடைப்பது என்ற முடிவும் அதோடு வாசிப்புக் கருவியின் கைக்குப் போய்விடுகிறது. மருத்துவ இதழ் பார்ப்பவர்களுக்கு ‘எலெக்ட்ரோஎன்செஃபலோகிராம்’ பழகிய ஆங்கிலச் சொல். அழுத்தம் ‘செஃப்’ மேல் விழுகிறது. ‘லோ’வுக்குப் பின் உடைத்தால் உச்சரிப்புக்கும் சேதமில்லை, வேருக்கும் சேதமில்லை. அதுவே ‘கிராஃபி’ என்று முடிந்தால் அழுத்தம் ‘லாக்’குக்கு நகர்கிறது. அமெரிக்க அகராதியான வெப்ஸ்டர்படி ‘செஃபலாக்-ரஃபி’ என்று உடைத்தால் கிரேக்க வேர் நடுவில் அறுபடும். வேரைக் காக்கும் பிரிட்டிஷ் வழக்கில் ‘செஃபலோ-கிராஃபி’. இரண்டும் சரி. ஒரே நூலில் இரண்டும் வந்தால்தான் தவறு.

1983இல் ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்க் லியாங் முடித்த ஆய்வேட்டின் சொல்லுடைப்புப் பேட்டர்ன்கள், கையடக்க அகராதி ஒன்றின் உடைப்பிடங்களில் 89 விழுக்காட்டைப் பிடித்தன. பெரிய சாதனை. ஆனால் டெக் (TeX) என்ற டைப்செட்டிங் மென்பொருள் அந்தப் பேட்டர்ன்களோடு வைத்திருக்கும் 14 விதிவிலக்குகளில் ‘பிரசன்ட்’, ‘புராஜெக்ட்’ இரண்டும் உடைக்கவே கூடாதவை. பெயர்ச்சொல்லானால் அழுத்தம் முன்னால், வினையானால் பின்னால். உடைப்பிடமும் கூடவே மாறும். வாக்கியத்தைப் படித்தவருக்குத்தான் அது தெரியும்.

அப்படிப் படிப்பவர்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் நைட் ஷிஃப்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை யார் கேட்டார்கள்? ‘வெப்ஸ்டரைப் பின்பற்றவும்’ என்று ஒரு வரி வரும். பிரிட்டிஷ் நூலாசிரியர் ப்ரூஃபில் அத்தனையையும் மாற்றுவார். அத்தனையும் நம் பிழைக் கணக்கில் ஏறும், பில்லில் பிடித்தம் ஆகும். அழுத்தம், அசை, வேர் மூன்றையும் ஒரே பார்வையில் எடைபோடும் ஆளுக்குப் பதவிப் பெயர் இன்றும் ‘ஆபரேட்டர்’. ஆண்டுக்கணக்கில் அவர்கள் சேர்த்த விதிவிலக்குப் பட்டியல்களை இப்போது தேவையில்லை என்று ஒரு மின்னஞ்சலில் தள்ளிவிடுகிறார்கள். இதை நாம் ஏற்க முடியாது.

நம் கோரிக்கைகள் மூன்று. கோப்பின் மொழிக் குறியில் வெறும் ‘ஆங்கிலம்’ போதாது. அமெரிக்க ஆங்கிலமா பிரிட்டிஷ் ஆங்கிலமா என்று பதிப்பகம் எழுத்தில் தர வேண்டும், கருவி அதைப் பார்த்தே அகராதியை எடுக்கிறது. அச்சு பிடிஎஃபுக்கு நம் பட்டியல்களே தொடர வேண்டும். வாசிப்புக் கருவி தானாக உடைத்த சொல் எதையும் டைப்செட்டர் பிழையாக எண்ணக் கூடாது. அடுத்த ஒப்பந்தத்தில் இந்த மூன்றும் இல்லாவிட்டால், கையெழுத்திடும் முன் நிறுவனங்கள் கேட்டு வாங்க வேண்டும்.