வேலியோரப் பூங்கொடி

சாங்வி இரண்டு ஆறுகளுக்கு இடையே அமைந்த ஊர். ஒருபுறம் பவனா, மறுபுறம் முளா. இரண்டும் தாபோடிக்கு அருகே ஒன்றாகக் கலக்கின்றன. கோடை நெருங்கும் மாதங்களில் பாலத்தின்மீது நின்று பார்ப்பவருக்குப் பல இடங்களில் நீர் தெரிவதில்லை. பசும்புல்வெளி போன்ற ஒரு பரப்பே தெரியும். மராத்தியில் அதனை ஜல்பர்ணி என்பர். தமிழில் அது ஆகாயத்தாமரை. கொசு பெருகுகிறது என்று கரையோர மக்கள் முறையிடுவதும், பிம்பிரி-சிஞ்சுவடு மாநகராட்சி அதனை அள்ளுவதும், எஞ்சியது மீண்டும் தழைப்பதும் வழக்கமாகிவிட்டன. ஆற்றில் கழிவுநீர் கலக்கும் வரை அதற்கு உணவுக்குக் குறைவில்லை.

தென்னமெரிக்காவில் தோன்றிய அச்செடி, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊதாப் பூவின் அழகுக்காகவே வங்காளத்திற்குக் கொண்டுவரப்பட்டது. நெல்வயல்களையும் படகுப் பாதைகளையும் அது அடைத்துக்கொண்ட பின், 1936-இல் அதனை ஒழிப்பதற்கென்றே அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அழகுக்கு வளர்த்த ஒரு செடிக்கு எதிராகச் சட்டம்!

ஆற்றில் நேர்ந்தது வீட்டுத் தோட்டத்திலும் நேரும். வீட்டின் பின்புறம் சிறிது நிலம் கிடைத்தால் போதும். நான்கு தக்காளி, நான்கு மிளகாய், ஒரு பாத்தி கீரை வந்துவிடும். வேலி வெறுமையாக இருக்கிறதே என்று, யாரோ கொடுத்த ஒரு துண்டுத் தண்டை நட்டுவைப்பார்கள். ஐந்து விரல்களாகப் பிரிந்த இலை. காலையில் விரியும் புனல் வடிவ ஊதாப் பூ. இருப்புப்பாதை ஓரங்களில் படர்வதால் இதற்கு ‘ரயில்வே கிரீப்பர்’ என்றும் பெயர். தமிழகத்து ஏரிகளில் மண்டிய நெய்வேலிக் காட்டாமணக்கு இதன் உறவு. அந்த உறவினருக்கு மராத்தியர் வைத்த பெயர் ‘பேஷரம்’, அதாவது வெட்கமற்றது. வெட்ட வெட்ட முளைப்பதற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

கொடியின் தண்டுக்குத் தானே நிற்கும் வலிமை இல்லை. எனவே அது பிறிதொன்றைச் சுற்றி ஏறுகிறது. வேலியைக் கடந்ததும் தக்காளிக்கு ஊன்றிய கோலைப் பற்றும். பின்னர்த் தக்காளியையே பற்றும். மேலே ஏறியபின் தன் இலைகளை விரித்து வெயிலை மறைத்துவிடும். நிழலில் சிக்கிய மிளகாய் பூப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பாரம் தாங்காமல் கிளைகள் ஒடிகின்றன. கணு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் புதுவேர் இறங்குகிறது. இதனால்தான், மேலே தெரிவதை மட்டும் கத்தரித்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுவது வீண்.

அகற்றுவதற்கும் முறை உண்டு. சாங்வியைச் சூழ்ந்த கரிசல் மண் காய்ந்தால் கல்லாக இறுகும். அப்போது இழுத்தால் தண்டு அறுந்து வேர் உள்ளேயே தங்கும். மழை பெய்து ஓரிரு நாள் கழித்து, மண் இளகியிருக்கும்போது களைக்கொத்தியால் அடியைக் கிளறி எடுக்க வேண்டும். காய்கறிச் செடியைச் சுற்றிய பகுதியை அன்றே பிய்க்கக் கூடாது. அடியை அறுத்துவிட்டால் மேற்பகுதி வாடிவிடும், பிறகு செடிக்குக் காயமின்றி எடுக்கலாம். இக்குடும்பத்துக் கொடிகள் பலவற்றின் விதை கடினமான தோல் உடையது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து முளைக்கும். முளைத்தவுடன் விரியும் இரு வித்திலைகளும் நுனியில் ஆழமாகப் பிளவுபட்டிருக்கும். அந்த அடையாளம் தெரிந்த சிறுவன் விரல் நுனியால் செய்யும் வேலையை, மூன்று மாதம் கழித்துப் பெரியவர் மண்வெட்டியால் செய்ய நேரும். களைக்கொல்லி எளிய வழியாகத் தோன்றலாம். ஆனால் சில களைக்கொல்லிகளின் சாரல் காற்றில் வந்து பட்டாலே தக்காளி இலை சுருண்டுவிடும். உண்ணும் கீரைக்கு நடுவே அதற்கு இடமில்லை.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் மரபில் வந்தோர் ஒரு கொடியைப் பிடுங்கலாமா என்று கேட்போர் உண்டு. கேள்வி அழகானது, ஆனால் பொருந்தாது. பாரி கண்ட முல்லை பற்றுக்கோடின்றித் தவித்தது. மற்றொரு செடியின்மேல் ஏறி அதனை அழுத்தவில்லை. அந்த மலைச்சாரலுக்கு அது உரியதும்கூட.

அவ்வாறாயின் வெளியிலிருந்து வந்தவையெல்லாம் களையா? அன்று. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவையே. அவை இல்லாத தமிழ்ச் சமையலை இன்று நினைத்துப் பார்க்க முடியுமா? மனிதர்களால் புதிய நிலங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட உயிரினங்கள் 37,000-க்கும் மேல் என்றும், அவற்றுள் தீங்கு செய்பவை 3,500-க்குச் சற்று அதிகம் என்றும் 2023-இல் வெளியான உலக அளவிலான ஆய்வறிக்கை கூறுகிறது. தாவரங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 100-க்கு 6 என்ற அளவே. மறுபுறமும் பார்க்க வேண்டும். சாங்விக் காய்கறிக் கடைகளில் ‘தோண்ட்லி’ என்று விற்கும் கோவைக்காயின் கொடி, ஹவாய்த் தீவுகளில் மரங்களை மூடிப் பெருந்தொல்லை தருகிறது. ஆகவே கேட்க வேண்டியது, செடி எங்கிருந்து வந்தது என்பதன்று. பாத்தியில் அது என்ன செய்கிறது என்பதே.

பிடுங்கிய கொடியை எங்கே போடுவது என்பதில்தான் பலரும் தவறுகின்றனர். ஆற்றங்கரையிலும் காலிமனையிலும் வீசும் ஒவ்வொரு துண்டும் புதிய கொடியாகிறது. வீட்டுத் தொல்லை ஊர்த் தொல்லையாகிறது. வேர் பிடித்த தண்டுகளைச் சிமெண்டுத் தரையிலோ மொட்டைமாடியிலோ சருகாகும் வரை உலர்த்திய பின்னரே எருக்குழியில் இட வேண்டும். வெறுமையான வேலிக்கு அவரை போதும். ஆடி மழையில் ஊன்றினால் பனிக்காலத்தில் காய் பறிக்கலாம். ஊதாப் பூதான் வேண்டுமென்றால், ஊதாப் பூ பூக்கும் அவரையும் உண்டு.