ஸ்க்ரூஜை விடுங்கள், குமாஸ்தாவைப் பாருங்கள்

டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் ஒரு சண்டை உண்டு. சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையைப் பலர் பலவிதமாகப் படம் எடுத்திருக்கிறார்கள். அதில் எது சிறந்தது என்பதுதான் சண்டை. பாரீஸிலிருந்து போனில் அக்காள் மகன் ஒரு கட்சி, பேத்தி ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. இத்தனை வருஷம் வாயால் சண்டை போட்டாயிற்று. இந்த வருஷம் எழுதியே தீர்த்துவிடுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு நாலு வரி. லண்டனில் ஸ்க்ரூஜ் என்று ஒரு கஞ்சன். செத்துப்போன கூட்டாளி மார்லியின் ஆவி கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ராத்திரி வந்து எச்சரிக்கிறது. பிறகு மூன்று ஆவிகள் வந்து நேற்று, இன்று, நாளை மூன்றையும் காட்டுகின்றன. காலையில் மனுஷன் திருந்தி எழுந்திருக்கிறான். அவனிடம் வேலை பார்க்கும் குமாஸ்தா பாப் கிராச்சிட். அவருக்கு நோஞ்சானாக ஒரு சின்னப் பையன், டைனி டிம்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். அதனால் பாப் கிராச்சிட் எனக்கு முதலில் அறிமுகமானது 'கமி' என்ற பெயரில். பிரெஞ்சில் குமாஸ்தாவுக்கு அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் முசே ஆவி வரும் இடங்களைத்தான் உரக்கப் படிக்கச் சொல்வார். நாங்களும் பயந்து நடுங்குவோம். கமியைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. பிறகு நானே முப்பது வருஷத்துக்கு மேல் கமியாகக் குப்பை கொட்டினேன். இங்கிலீஷ் கற்றுக்கொண்டது ஆபீஸ் ஃபைல்களில். ரிடையர் ஆன பிறகு அதே கதையை இங்கிலீஷில் படித்தபோதுதான் தெரிந்தது, இது பேய்க்கதையே இல்லை, சம்பளக் கதை என்று.

கணக்கைப் பாருங்கள். பாப் கிராச்சிட்டின் சம்பளம் வாரம் 15 ஷில்லிங். வருஷத்துக்கு 39 பவுண்டு. 1843 டிசம்பர் 19-இல் வெளியான இந்தப் புத்தகத்தின் விலை 5 ஷில்லிங். அதாவது தன்னைப் பற்றிய புத்தகத்தை வாங்க பாப் தன் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும்! கரிப்பெட்டி முதலாளியின் அறையில் இருக்கிறது. குமாஸ்தா போய்க் கேட்டால் வேலை போய்விடும் என்று பயம், ஆகவே மெழுகுவர்த்தியில் கை காய்ச்சுகிறார். வருஷத்துக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. அதையும் தன் சட்டைப்பையில் கைவிட்டுத் திருடுவது போலத்தான் ஸ்க்ரூஜ் பேசுகிறான். கரி, லீவு, சம்பளம். டிக்கன்ஸ் முதல் அத்தியாயத்திலேயே இந்த மூன்றையும் எடுத்து வைத்துவிட்டார்.

ஆகவே எந்தப் படமானாலும் நான் கேட்பது மூன்றே கேள்வி. குமாஸ்தாவுக்குக் குளிர்கிறதா? லீவு யார் காசில்? கடைசியில் சம்பள உயர்வு எப்படி வருகிறது? பாட்டும் பனியும் ஆவியின் மேக்கப்பும் எனக்கு அப்புறம்தான்.

1938-இல் எம்.ஜி.எம். எடுத்த படத்தில் ரெஜினால்ட் ஓவன் ஸ்க்ரூஜ். குமாஸ்தா ஜீன் லாக்ஹார்ட், நல்ல புஷ்டியான ஆள். தெருவில் பாப் எறிந்த பனிக்கட்டி முதலாளியின் தொப்பியைத் தட்டிவிட, அன்றே வேலை போகிறது. வேலை போன மனுஷன் என்ன செய்கிறார்? பண்டிகைச் சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்! குடும்பஸ்தன் எவனாவது இப்படிச் செய்வானா? மாசக் கடைசியில் மளிகைக் கடைக்காரர் முகத்தைப் பார்க்கக் கூசித் தெரு மாறிப் போனவனுக்குத் தெரியும், இந்தக் காட்சியை எழுதியவர் வேலை போகும் பயத்தை அறியாதவர் என்று. இந்தப் படம் எனக்கு வேண்டாம்.

1951-இல் பிரையன் டெஸ்மண்ட் ஹர்ஸ்ட் எடுத்த படம், அலஸ்டைர் சிம் நடித்தது. இதுதான் உச்சம் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். சிம் மகா நடிகர், மறுக்கவில்லை. திருந்திய காலையில் அவர் தலைகீழாக நிற்பதும் வேலைக்கார அம்மாள் அலறிக்கொண்டு ஓடுவதும் எத்தனை தடவை பார்த்தாலும் சிரிப்புத்தான். ஆனால் இந்தப் படம் ஸ்க்ரூஜ் ஏன் இப்படி ஆனான் என்பதற்கே பாதி நேரத்தைக் கொடுக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஜோர்கின் என்ற ஒருவரையும் கொண்டுவந்து அவன் கெட்டுப்போன கதையைச் சொல்கிறது. முதலாளியின் மனப்புண்ணுக்கு அத்தனை விளக்கம், குமாஸ்தாவின் குளிருக்கு ஓரிரு காட்சி. இரண்டாம் இடம் தருகிறேன், சிம்முக்காக.

பேத்தியின் கட்சி 1983-இல் வந்த டிஸ்னியின் மிக்கி மவுஸ் படம். 26 நிமிஷம். குழந்தைப் படம்தானே என்று விட முடியவில்லை. மிக்கி கேட்பது அரை நாள் லீவு. தருகிறேன், அரை நாள் சம்பளம் பிடிப்பேன் என்கிறான் முதலாளி. புத்தகத்தில் முணுமுணுத்துக்கொண்டாவது கொடுத்த சம்பளத்தை இங்கே பிடித்துவிட்டார்கள். பரவாயில்லை, அதுதான் நிஜம். ஆனால் கடைசியில் மிக்கியைத் தொழிலில் பங்குதாரராகவே ஆக்கிவிடுகிறான் முதலாளி. இது லாட்டரி விழுந்த கதை. டிக்கன்ஸ் அப்படிச் செய்யவில்லை. சம்பளத்தை உயர்த்துகிறேன், முதலில் போய் இன்னொரு கரிவாளி வாங்கி வா என்றுதான் அவருடைய ஸ்க்ரூஜ் சொல்கிறான். கூலிக்காரனுக்கு வேண்டியது அதிர்ஷ்டமல்ல, ஒழுங்கான கூலி. பேத்தி வளர்ந்ததும் இதைப் புரிந்துகொள்வாள் என்று நம்புகிறேன்.

அக்காள் மகனின் கட்சி 1992-இன் மப்பெட் படம். மைக்கேல் கெய்ன் ஸ்க்ரூஜ், தவளை பொம்மை கெர்மிட் குமாஸ்தா. பொம்மைதானே என்று இளக்காரமாகத்தான் உட்கார்ந்தேன். கணக்கு எழுதும் எலிகள் கூட்டமாகக் கரி கேட்கின்றன! கெர்மிட்டோ, நாளைக்கு மற்ற கடைகளெல்லாம் மூடியிருக்கும், திறந்து என்ன பயன் என்று பக்குவமாகப் பேசி லீவு வாங்குகிறார். மேலதிகாரியிடம் லீவு வாங்கத் தெரிந்தவர் யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும். ஆனால் ஆவியின் அங்கிக்குள்ளிருந்து அறியாமை, வறுமை என்று இரண்டு எலும்புக்கூட்டுக் குழந்தைகள் வெளிவரும் இடத்தைப் படத்தில் விட்டுவிட்டார்கள். கதையின் முதுகெலும்பே அதுதான். மூன்றாம் இடம்.

என் ஓட்டு 1984-இல் கிளைவ் டானர் இயக்கிய படத்துக்கு. ஜார்ஜ் சி. ஸ்காட் ஸ்க்ரூஜ், டேவிட் வார்னர் குமாஸ்தா. இந்த ஸ்க்ரூஜ் கோமாளி இல்லை. தானியச் சந்தையில் உட்கார்ந்து விலையேற்றும் வியாபாரி. குளிருக்குத் துணி போதும், கரி எரிந்து போய்விடும், காசு தண்டம் என்று அவர் குமாஸ்தாவுக்குப் பாடம் நடத்துவார். கத்த மாட்டார், நியாயம் பேசுவார். அதுதான் பயங்கரம். நான் பார்த்த கெடுபிடி அதிகாரிகளெல்லாம் அப்படித்தான், விதியை எடுத்துக் காட்டி அமைதியாகத்தான் இல்லை என்பார்கள். அந்த இரண்டு குழந்தைகளும் இதில் உண்டு. வீடில்லாத குடும்பம் ஒன்று பாலத்தடியில் ஒண்டியிருப்பதையும் காட்டுகிறார்கள்.

"என்ன மாமா, மனசு மாறுற கதையை வச்சு சம்பளக் கமிஷன் நடத்துறீங்களே" என்று அக்காள் மகன் சிரிக்கிறான். தம்பி, டிக்கன்ஸின் அப்பா யார் தெரியுமா? கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா. 1824-இல் கடனுக்காக மார்ஷல்சீ சிறைக்குப் போனார். பன்னிரண்டு வயது டிக்கன்ஸ் ஷூ பாலிஷ் கம்பெனியில் வாரம் ஆறு ஷில்லிங்குக்கு லேபிள் ஒட்டினார். அந்தக் கணக்கைக் கழித்துவிட்டால் இந்தக் கதையில் மிச்சம் என்ன?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு காலத்தில் தினக்கூலி ஊழியர்களின் மஸ்டர் ரோல் என் சீட்டில் இருந்தது. வேலை செய்த நாளுக்குத்தான் கூலி. ஒரு டிசம்பர் 24 சாயங்காலம் பெருக்குகிற பெரியவர் வந்து, "ஐயா, நாளைக்கு ஆபீஸ் உண்டுங்களா?" என்றார். "லீவு பெரியவரே, ஜாலியா வீட்ல இருங்க" என்றேன் சிரித்துக்கொண்டே. அவர் ஒன்றும் சொல்லாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார். மறுவாரம் 25-ஆம் தேதிக் கட்டத்தில் கோடு போடும்போதுதான் உறைத்தது. எனக்கு லீவு, அவருக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். பாப் கிராச்சிட்டுக்குக்கூட அந்த நாளுக்குச் சம்பளம் உண்டு.

விதி அப்படி, நான் என்ன செய்ய முடியும் என்று கோட்டைப் போட்டேன். மேலே ஒரு நோட் எழுதி அனுப்பிப் பார்த்திருக்கலாம். நிராகரித்திருப்பார்கள், ஆனால் ஃபைலில் இருந்திருக்கும். எழுதவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். இந்த டிசம்பரில் எந்தப் படத்தை வேண்டுமானாலும் பாருங்கள். முதலாளி திருந்தி அழும்போது நீங்களும் அழுதுகொள்ளுங்கள். பார்த்து முடித்த பிறகு உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கும், தெரு முனையில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் அன்றைக்கு லீவு உண்டா, அது யார் காசில் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.