தோல் தொழில் ஊர்களும் மனநல உரிமையும்

வேலூர் பாகாயத்தில் இயங்கும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், நோயாளியுடன் குடும்பத்தினரையும் தங்கவைத்துச் சிகிச்சை அளிப்பதில் முன்னோடி. ஆயினும் ஆம்பூர், பேரணாம்பட்டுக் காலணித் தொழிற்சாலைகளில் நாள் கூலிக்கு உழைக்கும் தலித் பெண்ணுக்கு, மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் கூலியை இழக்கும் நாளே.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் 18ஆம் பிரிவில், சாதிப் பாகுபாடின்றி வசிப்பிடத்துக்கு அருகிலேயே சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியுள்ளது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மருந்து தருகிறது. அதே வாசலுக்கு மனநலச் சிகிச்சையும் முழுமையாக வந்தாக வேண்டும்.

இதில் தொழிற்சங்கங்களும் சேரிப் பெண்களின் சுய உதவிக் குழுக்களும் பங்கேற்க வேண்டும். கூலியில்லாத் தொண்டர்களாக அல்ல, பயிற்சியும் ஊதியமும் பெறும் பணியாளர்களாக. தோல் தொழிலை இழிவாக்கிய சாதியம் தந்த காயத்தை மாத்திரை மட்டும் ஆற்றாது.