எதிர்பார்ப்பும் ஓர் உளியே!

‘விளைவு’ என்றதும் நம்மில் பலருக்கு இராமன் விளைவுதான் நினைவுக்கு வரும். 1928 பிப்ரவரி 28இல் கண்டறியப்பட்டு, 1930இல் சர் சி. வி. இராமனுக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்த அந்த விளைவைப் பற்றித் தமிழர் என்ற பெருமையோடு மேடைகளில் பேசி மகிழ்கிறோம். அதில் தவறில்லை. ஆனால், நாம் என்ன எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து ஒளி தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை. மனிதன் அப்படியல்லன். பிறர் தன்னைப் பற்றி எண்ணுவதற்கேற்ப அவன் வளரவும் கூடும்; வாடவும் கூடும். கல்வியியல், நிர்வாகவியல் பாடங்களில் தேர்வுக்காக மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் நாம் மறந்துவிடும் ‘பிக்மேலியன் விளைவு’ இதைத்தான் சொல்கிறது. நம் சமுதாயம் மறக்கக் கூடாத விளைவு இது என்பது என் கருத்து.

கிரேக்கப் புராணத்தில் பிக்மேலியன் ஒரு சிற்பி. தான் செதுக்கிய சிலையின் மீதே அவன் காதல் கொள்ள, சிலை உயிர் பெற்றதாம். 1960களில் உளவியலாளர் ராபர்ட் ரோசந்தாலும் பள்ளி முதல்வர் லெனோர் ஜேக்கப்சனும் அமெரிக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஓர் ஆய்வு நடத்தினர். மாணவர்களுக்கு அறிவுத்திறன் தேர்வு வைத்து, ‘இவ்வாண்டு மலரப் போகிறவர்கள்’ என்று ஏறக்குறைய 20 விழுக்காட்டினரின் பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்தனர். உண்மையில் அப்பெயர்கள் தேர்வு முடிவைப் பாராமல் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவை. ஆண்டிறுதியில், முதலாம் ஆண்டில் பெயர் குறிக்கப்பட்டோர் சராசரியாக 27 புள்ளிகள் உயர்ந்தனர். மற்றவர்கள் 12 புள்ளிகளே உயர்ந்தனர். மேல் வகுப்புகளில் இந்த வேறுபாடு பெரிதாக இல்லை. 1968இல் நூலாக வெளிவந்த இவ்வாய்வு புகழையும் பெற்றது. கடுமையான விமர்சனத்தையும் பெற்றது.

விமர்சனத்தை நாம் மறைக்கக் கூடாது. 35 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் எழுதிய லீ ஜசிமும் கென்ட் ஹார்பரும், இவ்விளைவு பொதுவாகச் சிறியதே என்றனர். ஆசிரியர்களின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது என்றும் சொன்னார்கள். ஆனால், அதே கட்டுரை இன்னொன்றையும் சொல்கிறது. சமுதாயத்தில் தாழ்வாக முத்திரை குத்தப்பட்ட பிரிவினரின் பிள்ளைகளிடம் இவ்விளைவு வலுவாக இருக்கக்கூடும். அந்த வரியைப் படித்தபோது எனக்கு நம் தோட்டப்புறங்கள்தாம் கண்முன் வந்தன.

நம் வரலாறே இதற்குச் சான்று. ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் 1906இல் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டம் உட்பட, பேராக் எங்கும் பால்மரக் காட்டில் நம் முன்னோர் உழைத்தனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது, ஆனால் எழுத்தும் கணக்கும் ஓரளவு தெரிந்தால் போதும், அடுத்த பால்வெட்டுத் தொழிலாளி தயார் என்பதே அதன் எதிர்பார்ப்பாக இருந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அந்த எதிர்பார்ப்பு போய்விட்டதா?

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற முதல் வாரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. “தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் யார்?” என்று ஓர் ஆசிரியர் கேட்டார். கை தூக்கினோம். அதன் பிறகு அவ்வாண்டு முழுவதும் அப்பாடத்தில் எங்கள் பக்கம் கேள்விகள் வந்தது அரிது. அவர் திட்டவில்லை, அன்பாகத்தான் இருந்தார். ஆனால், எங்களிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அவரை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. சென்ற விடுமுறையில் ஹுத்தான் மெலிந்தாங்கில் தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தேன். ‘பாவம், சிரமப்படுவார்கள்’ என்று எண்ணி மிக எளிய கணக்குகளையே தயாரித்துக் கொண்டு போனேன். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, “அக்கா, இவ்வளவுதானா?” என்றான். எனக்கு நாணமாகிவிட்டது. கை தூக்கச் சொன்ன ஆசிரியர் செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன். தாழ்ந்த எதிர்பார்ப்பு தாழ்ந்த பயனைத் தருவதை 1982இல் ஆய்வாளர்கள் ‘கோலெம் விளைவு’ என்றனர். அது வெறுப்பால் மட்டும் வருவதில்லை, இரக்கத்தாலும் வரும்.

அப்படியானால் எல்லாப் பிள்ளைகளையும் “நீ மேதை” என்று புகழ்ந்தால் போதுமா? போதாது. எதிர்பார்ப்பு நான்கு வழிகளில் மாணவரைச் சென்றடைகிறது என்றார் ரோசந்தால்: கனிவான சூழல், கூடுதலாகவும் கடினமாகவும் கற்பித்தல், பதில் சொல்ல வாய்ப்பும் நேரமும் தருதல், தெளிவான கருத்துரை. இந்நான்கில் கனிவு ஒன்றைத்தான் நாம் தாராளமாகத் தருகிறோம். ஒருநாள் தன்முனைப்பு முகாமில் கைதட்டச் செய்து, படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறோம். மற்ற மூன்றுக்கும் உழைப்பு வேண்டும்.

ஸ்டீபன் ரவுடன்புஷ் 1984இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு வழியைக் காட்டுகிறது. மாணவர்களை இரண்டு வாரத்திற்கு மேல் அறிந்திருந்த ஆசிரியர்களிடம், வெளியிலிருந்து புகுத்திய எதிர்பார்ப்பு ஏறக்குறைய எடுபடவே இல்லை. பிள்ளையை அறியாதபோதுதான் முத்திரை பேசுகிறது. அறிந்தபின் பிள்ளையே பேசுகிறான். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும் பி.தி.3 தேர்வு 2022இலும் அகற்றப்பட்ட பின், ஆசிரியரின் மதிப்பீட்டுக்கு எடை கூடியிருக்கிறது. ஆகவே, முதலாம் படிவத்தின் முதல் இரண்டு வாரங்கள் மிக முக்கியமானவை.

நம் பேரவை தோட்டப்புறங்களில் நடத்தும் பணிகளையும் இந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒரு நாளில் நூறு பேரைச் சந்திப்பதைவிட, ஆண்டு முழுவதும் பத்துப் பேரோடு இருப்போம். எளிய கணக்கோடு ஒரு கடினமான கணக்கையும் கொண்டு போவோம். பிள்ளை யோசிக்கும்போது அவசரப்பட்டு விடையைச் சொல்லாமல் காத்திருப்போம். ஆசிரியர்களாகப் போகும் நண்பர்களே, முதல் நாள் வகுப்பில் எந்தப் பள்ளியிலிருந்து வந்தாய் என்று கேட்பதற்கு முன், ஒரு நல்ல கேள்வியைக் கேளுங்கள். “இவ்வளவுதானா?” என்று கேட்ட அந்தத் தம்பிக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.