இத்தாலியில் பண்ணை வீட்டில் தங்கிச் சாப்பிடப் போகிறீர்களா? அந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது

2025 டிசம்பர் 10. டெல்லி செங்கோட்டையில் யுனெஸ்கோ கமிட்டி கூடியிருந்தது. அன்று தீபாவளி, உலகின் தொட்டுணர முடியாத கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பிலும் அது வந்திருக்கும். அதே நாள், அதே கூட்டத்தில், இத்தாலியச் சமையலும் அந்தப் பட்டியலில் இடம்பிடித்தது.

ஏதோ ஒரு டிஷ்ஷுக்குக் கிடைத்த அங்கீகாரம் இல்லை இது. நேப்பிள்ஸ் பீட்சா போடும் கலை 2017லேயே பட்டியலில் ஏறிவிட்டது. இந்த முறை ஏறியது அதைவிடப் பரந்த ஒன்று: பருவத்தில் விளைவதைச் சமைப்பது, மிச்சத்தை வீணாக்காமல் இருப்பது, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது, பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கை மாறும் பக்குவம்.

சரி, இதெல்லாம் இத்தாலியில் எங்கே போனால் கிடைக்கும்? ரோமிலோ வெனிஸிலோ டூரிஸ்ட் மெனு போர்டு வைத்த கடைகளில் நிச்சயமாகக் கிடைக்காது. ஒரு நாள் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கும் திட்டத்தை வெனிஸ் 2024ல் தொடங்கிவிட்டது, அவ்வளவு கூட்டம். அதனால்தான் ஐரோப்பா டிரிப் பிளான் போடுகிறவர்கள் இப்போது 'அக்ரிட்டூரிஸ்மோ' என்று தேட ஆரம்பித்திருக்கிறார்கள். மலைச்சரிவில் கல் வீடு, சுற்றிலும் ஆலிவ் மரங்கள், நீள மேசையில் சாப்பாடு. ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள்.

ரீல்ஸில் தெரியாத ஒன்று உண்டு. அக்ரிட்டூரிஸ்மோ என்பது அழகுக்காக வைத்த பெயர் இல்லை. அது ஒரு சட்டச் சொல்.

யார் நடத்தலாம்?

விவசாயி மட்டும். இதை முதலில் சொன்னது 1985ஆம் ஆண்டின் 730ஆம் எண் சட்டம். 2006ல் வந்த 96ஆம் எண் சட்டம் அதைப் புதுப்பித்தது. பணம் இருக்கிறது, மலை மேல் ஒரு பங்களா இருக்கிறது என்பதற்காக யாரும் இந்தப் பெயர்ப் பலகையை மாட்டிவிட முடியாது. நிலம் இருக்க வேண்டும், அதில் உண்மையாகவே பயிரோ கால்நடையோ இருக்க வேண்டும். விருந்தினரைக் கவனிப்பது விவசாயத்துக்குத் துணைத் தொழிலாகத்தான் இருக்கலாம்.

இதை எப்படி அளக்கிறார்கள்? வருமானத்தை வைத்து அல்ல, உழைக்கும் நேரத்தை வைத்து. பண்ணை வேலைக்குப் போகும் நேரம், விருந்தினர் வேலைக்குப் போகும் நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். பத்து விருந்தினர் வரை மட்டும் என்றால் இந்தக் கணக்கே கேட்க மாட்டார்கள். விவசாயம்தான் பிரதானம் என்று எடுத்துக்கொள்வார்கள். வருமானத்தை அளவுகோலாக வைத்திருந்தால், ஒரு நல்ல கோடை சீசன் போதும், பாதிப் பண்ணைகள் தகுதி இழந்திருக்கும். கோதுமையையும் ஆலிவையும்விட அறை வாடகை அதிகம் தரும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சாப்பாட்டுக்கும் விதி இருக்கிறது. மேசைக்கு வரும் உணவில் குறிப்பிடத்தக்க பங்கு அந்தப் பண்ணையில் விளைந்ததாக இருக்க வேண்டும். மீதிக்கு அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கும் அந்த வட்டாரத்தின் புவிசார் குறியீடு பெற்ற பொருட்களுக்கும் முன்னுரிமை. எத்தனை சதவீதம் என்பதை ஒவ்வொரு மாகாணமும் தானே முடிவு செய்துகொள்ளும். ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்க்கிறவரிடம் போய், தக்காளியும் உங்கள் தோட்டத்தில்தான் விளைய வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

நம் நாட்டில் மகாராஷ்டிரா 2020ல் வேளாண் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. ஆனால் நாம் வார இறுதியில் புக் பண்ணும் 'ஃபார்ம் ஸ்டே' என்ற வார்த்தைக்குப் பின்னால் இப்படி ஒரு கறார் கணக்கு கிடையாது. நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் நாலு வாழை மரம் நின்றால்கூட நம்மிடம் அது ஃபார்ம் ஸ்டேதான்.

இப்படி ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது?

டஸ்கனியின் அந்தக் கல் வீடுகள் விருந்தினருக்காகக் கட்டியவை இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் அங்கே 'மெட்ஸாத்ரியா' என்ற முறை இருந்தது. நம் ஊரில் வாரத்துக்கு விடுவது என்பார்களே, ஏறக்குறைய அதேதான். நிலமும் வீடும் நிலக்கிழாருடையது, உழைப்பு குடியானவர் குடும்பத்துடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தொழிற்சாலைகள் வளர, அந்தக் குடும்பங்கள் நகரங்களுக்குப் போயின. 1964ல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடை செய்தது. வாரக் குடும்பங்களுக்கு அது விடுதலை. வீடுகளோ காலியாகி, கூரை இடிந்து விழுந்தன.

அடுத்த ஆண்டே, 1965ல், நில உடைமையாளர்கள் சேர்ந்து 'அக்ரிட்டூரிஸ்ட்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். காலி வீட்டில் நகரத்து ஆட்களைத் தங்கவைத்துப் பண்ணையை ஓட்டலாம் என்பது யோசனை. 20 வருடம் கழித்து அதற்குச் சட்டம் வந்தது. ஆக, 'காலங்காலமான பாரம்பரியம்' என்று விற்கப்படும் இந்த அனுபவத்துக்கு வயது 60தான். பார்மா பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஆல்பெர்த்தோ கிராந்தி, இத்தாலிய உணவு மரபுகளில் பல போருக்குப் பிறகு உருவானவை என்று எழுதி அங்கே நிறைய பேருடைய கோபத்தைச் சம்பாதித்திருக்கிறார். ஆனால் ஒரு வழக்கம் புதியது என்பதால் அது பொய்யாகிவிடாது என்பது என் எண்ணம்.

நம்பர் என்ன சொல்கிறது?

இரண்டு கோடுகளை ஒரே கிராஃபில் போட்டுப் பாருங்கள். முதல் கோடு, இத்தாலியில் உள்ள பண்ணைகளின் எண்ணிக்கை. 1982 விவசாயக் கணக்கெடுப்பில் 30 லட்சத்துக்கு மேல். 2010ல் சுமார் 16 லட்சம். 2020ல் சுமார் 11 லட்சம். கடைசிப் பத்து வருடத்தில் மட்டும் 30 சதவீதம் சரிவு. இரண்டாவது கோடு, அக்ரிட்டூரிஸ்மோ. 2010ல் சுமார் 20,000. அரசுப் புள்ளிவிவர நிறுவனமான இஸ்டாட்டின் கணக்குப்படி 2023ல் 26,000க்கு மேல். ஒன்று சரசரவென்று இறங்குகிறது, இன்னொன்று மெதுவாக ஏறுகிறது.

விருந்தினர் வந்ததால்தான் பண்ணைகள் பிழைத்தன என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. மூடப்பட்டவற்றில் பெரும்பாலானவை மிகச் சிறியவை, முதியவர்கள் நடத்தியவை. தவிர, 26,000 என்பது மொத்தப் பண்ணைகளில் இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் ஒரு குடும்பத்தின் கணக்குப் புத்தகத்தில் உட்கார்ந்து பார்த்தால் லாஜிக் புரியும். ஆலிவ் எண்ணெயை மொத்த வியாபாரிக்குப் போட்டால் அவர் சொல்வதுதான் விலை. அதே எண்ணெயை உங்கள் ரொட்டி மேல் ஊற்றி, ஊருக்குக் கிளம்பும்போது இரண்டு பாட்டில் கையில் கொடுத்தால், விலையைச் சொல்வது விவசாயி. நடுவில் யாருமில்லை. வரியிலும் சலுகை உண்டு: இந்தத் தொழிலில் வரும் பணத்தில் 25 சதவீதத்தை மட்டும் லாபமாகக் கணக்கிட்டு வரி கட்டும் வழி இருக்கிறது. மூன்றில் ஒரு அக்ரிட்டூரிஸ்மோவை நடத்துவது பெண்கள்.

விளைச்சல் பொய்த்தாலும் இது கைகொடுக்கும். தெற்கே புலியா மாகாணத்தில் 2013ல் 'சைலெல்லா' என்ற பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அங்கே லட்சக்கணக்கான ஆலிவ் மரங்கள் காய்ந்து விறகாகிவிட்டன, பல நூறு வருட மரங்கள் உட்பட. புது மரம் நட்டுக் காய்க்க வருடங்கள் ஆகும். அதுவரை வீட்டில் இருக்கும் நாலு அறைகள்தான் சோறு போட வேண்டும்.

அங்கே என்ன சாப்பிடுவீர்கள்?

போகும் இடத்தையும் மாதத்தையும் பொறுத்தது. பெரும்பாலும் மெனு கார்டு இருக்காது. அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதுதான். அக்டோபரில் டஸ்கனி போனால் திராட்சை அறுவடை முடிந்து, ஆலிவ் பறிப்பு தொடங்கும் நேரம். புது எண்ணெய் பச்சையாக, தொண்டையில் காரமாக இறங்கும். பீட்மாண்ட்டில் அப்போது வெள்ளை டிரஃபிள் காளான் சீசன். விடிவதற்கு முன் நாயோடு காட்டுக்குள் தேடப் போவார்கள். இந்தத் தேடும் கலையும் 2021 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

எனக்கு ஒரே இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வடக்கே பார்மா, ரெட்ஜோ எமிலியா, மொதேனா பக்கம்தான். காலையில் சீக்கிரம் எழுந்தால் பார்மெசான் சீஸ் செய்வதைப் பார்க்கலாம். ஒரு வட்டுக்கு சுமார் 550 லிட்டர் பால். முடிவில் கிடைப்பது ஏறக்குறைய 40 கிலோ. குறைந்தது 12 மாதம் அலமாரியில் இருந்த பிறகு, ஒருவர் சின்னச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சொல்வார். மொதேனாவின் பாரம்பரிய பால்சமிக் வினிகருக்கு இன்னும் பொறுமை வேண்டும்: குறைந்தது 12 வருடம், உயர்ந்த ரகத்துக்கு 25. அது 100 மில்லி பாட்டிலில் மட்டும்தான் விற்கப்படும். சூப்பர் மார்க்கெட்டில் அரை லிட்டராகக் கிடைப்பது வேறு சரக்கு.

சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அசல் பார்மெசான், கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் இல்லாமல் உறையாது, விதியே அப்படித்தான். 'வெஜிடேரியன்' என்று நீங்கள் சொன்னால் அவர்கள் அந்தச் சீஸைத் துருவிப் போட்டு அன்பாகக் கொண்டுவந்து வைப்பார்கள். முன்கூட்டியே, தெளிவாக எழுதிவிடுங்கள்.

அந்தப் பாலைக் கறப்பது யார்?

இங்கேதான் இந்தக் கதைக்குள் இந்தியா வருகிறது. பார்மெசானுக்கான மாட்டுத் தொழுவங்களில் பல வருடங்களாக வேலை செய்கிறவர்களில் பஞ்சாபிகள் ஏராளம். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அதிகாலையும் மாலையும் கறக்க உள்ளூர் இளைஞர்கள் வரவில்லை, இவர்கள் வந்தார்கள். ரெட்ஜோ எமிலியா மாவட்டத்தின் நொவெல்லாராவில் 2000லேயே பெரிய குருத்வாரா திறக்கப்பட்டது. இது ஓரளவு நல்ல பக்கம்.

இன்னொரு பக்கம். 2024 ஜூன் 13 முதல் 15 வரை ஜி7 மாநாடு புலியாவில் நடந்தது. பிரதமர் மோடியும் போயிருந்தார். நடந்த இடம் 'போர்கோ எக்னாத்ஸியா'. பழைய புலியா கிராமம் மாதிரியே தெரியும்படி இந்த நூற்றாண்டில் கட்டப்பட்ட சொகுசு ரிசார்ட். மாநாடு முடிந்த இரண்டாம் நாள், ரோமுக்குத் தெற்கே லத்தினா மாவட்டக் காய்கறித் தோட்டம் ஒன்றில், 31 வயது பஞ்சாபித் தொழிலாளியின் கையை இயந்திரம் துண்டித்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல், அவரை வேனில் ஏற்றி அவருடைய வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். வெட்டுப்பட்ட கை, காய்கறி வைக்கும் பெட்டியில் கிடந்தது. ஜூன் 19 அன்று ரோம் மருத்துவமனையில் அவர் இறந்தார். முறையான வேலை ஒப்பந்தமே அவருக்கு இருக்கவில்லை. முதலாளி மீதான கொலை வழக்கு விசாரணை 2025ல் லத்தினா நீதிமன்றத்தில் தொடங்கியது.

அந்தத் தோட்டம் அக்ரிட்டூரிஸ்மோ இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். விருந்தினர் தங்கும் பண்ணைகள் பெரும்பாலும் குடும்பமே உழைப்பவை. தரகர்கள் கூலிகளைப் பிடித்துக் கொடுத்துச் சுரண்டும் 'கப்போரலாத்தோ' முறை பெரிய காய்கறி, பழத் தோட்டங்களில்தான் அதிகம். அதற்கு எதிராக 2016ல் கடுமையான சட்டமே வந்தது. ஆனாலும் 2024ல் பீட்மாண்ட்டின் லாங்கே திராட்சைத் தோட்டப் பகுதியிலும் இதே புகாரில் போலீஸ் நடவடிக்கை எடுத்தது. பரோலோ ஒயின் வரும், டூரிஸ்ட்கள் மொய்க்கும் அதே லாங்கே. 96ஆம் எண் சட்டம் விவசாயியின் உழைப்பு நேரத்தை அளக்கிறது. கூலியின் உழைப்பு அந்தக் கணக்கில் தனியாகத் தெரிவதில்லை.

புக் பண்ணும் முன்

புக்கிங் தளங்களில் 'கன்ட்ரி ஹவுஸ்', 'ரிலே', 'போர்கோ' என்ற பெயர்களெல்லாம் அழகாக இருக்கும், ஆனால் விவசாயத்துக்கு உத்தரவாதம் இல்லை. 'அக்ரிட்டூரிஸ்மோ' என்று இருக்கிறதா பாருங்கள். 2013 முதல் தேசிய அளவில் சூரியகாந்தி முத்திரை ஒன்றும் உண்டு. ஹோட்டலுக்கு ஸ்டார் மாதிரி ஒன்று முதல் ஐந்து பூக்கள் வரை. பூக்கள் வசதியையும் சேவையையும் சேர்த்துச் சொல்பவை. ஐந்து பூ என்றால் சாப்பாடு பிரமாதம் என்று அர்த்தமில்லை.

அதோடு, பாதி அக்ரிட்டூரிஸ்மோக்களில் சாப்பாடே கிடையாது, அறை மட்டும்தான். ஐந்தில் ஒன்றுக்கு மேல் டஸ்கனியில்தான் இருக்கின்றன என்பதால் விலையும் கூட்டமும் அங்கே அதிகம். உம்ப்ரியா, மார்க்கே பக்கம் தேடினால் பர்ஸுக்கு நல்லது. பஸ் வராத இடங்கள் நிறைய. கார் எடுக்க வேண்டும், அதற்கு சர்வதேச ஓட்டுநர் அனுமதி தேவை. ஷெங்கன் விசா கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. கோடையில் பல இடங்களில் ஒரு வாரத்துக்குக் குறைவாக அறை தர மாட்டார்கள்.

மெயில் அனுப்பும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன பயிர் செய்கிறீர்கள், நாங்கள் வரும் வாரத்தில் வயலில் என்ன வேலை நடக்கும், அறுவடைக்கு ஆட்களை நீங்களே எடுக்கிறீர்களா, ஏஜென்ட் மூலமா. முதல் இரண்டுக்கும் உண்மையான விவசாயி பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவார். மூன்றாவதற்கு வரும் பதிலின் நீளத்தையும் கவனியுங்கள்.