மேகம் சரி மச்சான், சாவி யார்கிட்ட?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்ல தங்கமணி உத்தரவு அதிகம்னு வழக்கமான சாக்கெல்லாம் கைவசம் இருக்கு. ஆனா இந்தப் பதிவை எழுதலைன்னா எனக்குத் தூக்கம் வராது. ஏன்னா இதுல குற்றவாளி நான்தான்.

என் மச்சான் (தங்கமணியோட அண்ணன்) திருப்பூர்ல ஒரு சின்ன பவர் டேபிள் நடத்துறார். முப்பது மெஷின். பெரிய கம்பெனிகள் வெட்டிக் குடுக்குற துணியைத் தைச்சுத் திருப்பித் தரணும். பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி. இந்தத் தொழிலோட உசுரே கணக்குலதான் இருக்கு. எத்தனை பீஸ் வந்துச்சு, எத்தனை திரும்பிப் போச்சு, எத்தனை டேமேஜ், எந்த டெலிவரி சலான்ல யார் கையெழுத்துப் போட்டாங்க... இதுல ஒண்ணு இடிச்சாலும் பில்லுல கை வச்சிடுவாங்க.

2018 தீபாவளிக்குப் போனப்ப அவர் பெரிய நோட்டுல கோடு போட்டு எழுதிட்டு இருந்தார். நம்ம வாய் சும்மா இருக்குமா? "இன்னுமா நோட்டு? எல்லாத்தையும் மேகத்துல போடுங்க மச்சான். பைசா செலவில்ல, போன்லயே பாத்துக்கலாம்"னு பந்தாவா சொல்லிட்டு, கணக்கு எழுதுற பையனைப் பக்கத்துல உக்கார வச்சு, பத்தே நிமிஷத்துல ஒரு ஷீட்டு, ஒரு ஃபோல்டர் எல்லாம் ரெடி பண்ணிக் குடுத்தேன். சலானைப் போட்டோ எடுத்து ஃபோல்டர்ல போடு, எண்ணிக்கையை ஷீட்டுல ஏத்து. அவ்வளவுதான்.

யார் பேர்ல ஆரம்பிச்சோம்? அந்தப் பையனோட சொந்த மெயில் ஐடில. மச்சானுக்கு வெறும் ஷேர். அன்னைக்கு அது எனக்கு ஒரு விஷயமாவே தோணலை.

ஆறு வருஷம் அருமையா ஓடுச்சு. 2024-ல பையனுக்கு வேற கம்பெனில நல்ல சம்பளத்துல வேலை. மச்சான் வேட்டி சட்டை எடுத்துக் குடுத்து சந்தோஷமாத்தான் அனுப்பி வச்சார். சில மாசம் கழிச்சுப் பையனோட மெயில்ல இடம் நிரம்பிடுச்சு. பழைய கம்பெனி ஃபோல்டர்தானே, அங்க ஒரு காப்பி இருக்கும்னு நெனச்சு மொத்தமா அழிச்சுட்டான். குப்பைத்தொட்டில முப்பது நாள் இருந்துச்சு. அந்த முப்பது நாளும் மச்சான் ஷீட்டைத் திறந்து வேலை பாத்திருக்கார். 'இந்தக் கோப்பு உரிமையாளரின் குப்பைத்தொட்டியில் உள்ளது'ன்னு மேல ஒரு வரி இங்கிலீஷ்ல ஓடியிருக்கு. ஷீட்டுதான் வேலை செய்யுதே, அதை யாரு படிச்சா? அன்னைக்கே ஒரு காப்பி எடுத்திருந்தா கதை முடிஞ்சிருக்கும்.

முப்பத்தோராம் நாள் போன் வந்துச்சு. "ஏனுங் மாப்ளை, நீங்க சொன்ன மேகம் கலைஞ்சு போச்சுங்களே."

சேவையை நடத்துற கம்பெனி மேல ஒரு தப்பும் கிடையாது. அவங்க விதிப்படி உரிமையாளர் அழிச்சார், அழிஞ்சுது. பையன் மேலயும் தப்பில்ல. ஆனா அதே சமயம் பாத்து ஒரு பார்ட்டி, முந்தின வருஷத்துக் கணக்குல பீஸ் குறையுதுன்னு பில்லுல பணத்தைப் பிடிச்சுட்டாங்க. மறுத்துப் பேச ஆதாரம் வேணுமே? விஷயம் தெரிஞ்சு அந்தப் பையன் ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்துட்டு ஓடி வந்தான். ரெண்டு பேருமா குடோன்ல கெடந்த சாக்கு மூட்டையைப் பிரிச்சு, கரையான் தின்னது போக மிச்சமிருந்த சலான்களை அடுக்கினாங்க. கடைசியில பாதிக்குப் பாதி பேசி முடிச்சார். மீதிப் பாதி என் வாய்க்கொழுப்புக்கு அவர் கட்டின அபராதம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

கூகுளா, மைக்ரோசாஃப்டா, நம்ம ஸோஹோவா, எது பெஸ்டுன்னு மணிக்கணக்கா சண்டை போடுறோம். மூணுமே ஒரு சின்னக் கம்பெனிக்குத் தேவையானதைச் செய்யும். முதல்ல கேக்க வேண்டிய கேள்வி வேற: சாவி யார் பேர்ல இருக்கு?

பெரிய ஆளுங்களுக்கே இதுல அடி விழுந்திருக்கு. ஜூலை 2025-ல நயாரா எனர்ஜி மேல ஐரோப்பிய ஒன்றியம் தடை விதிச்சுது. குஜராத் வாடினார்ல வருஷத்துக்கு 2 கோடி டன் சுத்திகரிக்கிற ஆலை அவங்களோடது. உடனே மைக்ரோசாஃப்ட் அவங்களோட மெயில், டீம்ஸ் எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு அந்த மாசக் கடைசியில திரும்பக் கிடைச்சுது. அவங்களுக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கு. முப்பது மெஷின்காரர் எங்க போவார்?

"அப்ப சொந்த ஊர் சரக்கே போதும்"னு கிளம்பாதீங்க. ஸோஹோ மேல எனக்கும் பாசம் உண்டு. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில ஆபீஸ் போட்டு உலகத்துக்கே சாஃப்ட்வேர் விக்கிறவங்க. ஆனா செப்டம்பர் 2018-ல, ஃபிஷிங் புகார்களைக் காட்டி அவங்களோட டொமைன் பதிவாளரே ஸோஹோ டாட் காமை முடக்கிட்டார். பல மணி நேரம் வாடிக்கையாளர்கள் உள்ளே போக முடியாமத் தவிச்சாங்க. அவங்க சாவியும் இன்னொருத்தர் கையில இருந்துச்சு, அவ்வளவுதான்.

இலவசம்னு நம்புறதும் அதே ரகம். 2006-ல கூகுள் சொந்த டொமைனுக்கு இலவசமா மெயில் குடுக்க ஆரம்பிச்சப்ப நம்ம பதிவர்கள் குஷியானது ஞாபகம் இருக்கா? டிசம்பர் 2012-ல புதுசா வர்றவங்களுக்கு அதை மூடினாங்க. ஜனவரி 2022-ல பழைய ஆளுங்களும் காசு கட்டணும்னு அறிவிச்சாங்க. எதிர்ப்பு கிளம்பினதும் சொந்த உபயோகத்துக்கு மட்டும் விட்டுக் குடுத்தாங்க. தொழில் பண்றவங்க கட்டியே ஆகணும்னு ஆச்சு. ஜனவரி 2025-ல பிசினஸ் பிளான்களோட ஜெமினியைச் சேர்த்துக் கட்டி விலையையும் ஏத்தினாங்க. வாடகை வீடுன்னா வாடகை ஏறத்தான் செய்யும். தப்புன்னு சொல்லலை. கிளம்பணும்னா நம்ம சாமானைத் தூக்கிட்டுப் போக முடியணும், அதுதான் முக்கியம்.

மச்சான் கம்பெனிக்கு இந்தத் தடவை நான் செஞ்சு குடுத்தது இதுதான். கடை, கம்பெனி வச்சிருக்கிற சொந்தக்காரங்க இருந்தா அவங்களுக்கும் சொல்லுங்க.

1. கம்பெனி பேர்ல சொந்த டொமைன். அதை முதலாளி பேர்லயே, முதலாளி போன் நம்பர்லயே பதிவு பண்ணணும். வெப்சைட் செஞ்சு குடுக்குற தம்பி பேர்ல கூடாது. புதுப்பிக்கிற தேதி வீட்டு காலண்டர்ல இருக்கணும்.

2. அட்மின் ரெண்டு பேர். ஒருத்தர் முதலாளி, இன்னொருத்தர் வீட்டு ஆள். ரெண்டடுக்குப் பாதுகாப்பு கட்டாயம். அதுக்கான பேக்கப் கோடுகளை அச்செடுத்து நகை இருக்கிற பீரோல வைங்க.

3. கோப்புகளைத் தனி ஆள் கணக்குல வைக்காதீங்க. கூகுள்ல ஷேர்டு டிரைவ், மைக்ரோசாஃப்ட்ல ஷேர்பாயின்ட், ஸோஹோ ஒர்க்டிரைவ்ல டீம் ஃபோல்டர்னு இருக்கு. அங்க உரிமை கம்பெனிக்கு. ஆள் போனாலும் கோப்பு போகாது.

4. ஒருத்தர் வேலையை விட்டா அவசரப்பட்டுக் கணக்கை அழிக்காதீங்க. பாஸ்வேர்டை மாத்துங்க, கோப்புகளை இன்னொருத்தர் பேருக்கு மாத்துங்க, அப்புறம் அழிங்க. தெரியாம அழிச்சுட்டா கூகுள் ஒர்க்ஸ்பேஸ்ல 20 நாளுக்குள்ள, மைக்ரோசாஃப்ட் 365-ல 30 நாளுக்குள்ள மீட்கலாம். அதுக்கு மேல முருகா முருகாதான்.

5. சிங்க் வேற, பேக்கப் வேற. இங்க அழிச்சா அங்கயும் அழியுறதுதான் சிங்க். அதுலயும் கூகுள் ஷீட்டெல்லாம் கம்ப்யூட்டர் டிரைவ்ல தெரியுறது வெறும் சுட்டிதான், உள்ளே சரக்கு இருக்காது. மாசக் கடைசியில எக்செல், பிடிஎஃப்பா இறக்கி ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்ல போடுங்க. ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யுற கெடு தேதியிலிருந்து 72 மாசம் கணக்கு வச்சிருக்கணும்ங்கிறதையும் மறந்துடாதீங்க.

அஞ்சாவது பாயின்ட்டு ஓவர்னு தோணுதா? மே 2024-ல ஆஸ்திரேலியாவுல யூனிசூப்பர்னு ஒரு பெரிய ஓய்வூதிய நிதியம். கூகுள் கிளவுட்ல இருந்த அவங்களோட ஒரு பிரைவேட் கிளவுட் ஒரு தவறான செட்டிங்கால அழிஞ்சு போச்சு. மீண்டு வர ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. அந்த நேரத்துல கைகொடுத்ததுல வேற ஒரு கம்பெனிகிட்ட வச்சிருந்த பேக்கப்புக்கும் பங்கு உண்டு.

நான் இப்பவும் மேகக் கட்சிதான். ஆனா மச்சானுக்கு அன்னைக்கு நான் சொல்லாம விட்ட ஒரே வரியை இப்ப சொல்றேன்: நோட்டை எரிச்சிடாதீங்க, பெட்டிச் சாவியை இடுப்பை விட்டு எடுக்காதீங்க.

பி.கு: போன வாரம் மச்சான் வீட்ல பொங்கச்சோறு சாப்பிட்டேன். பக்கத்துல புது நோட்டு ஒண்ணு இருந்துச்சு, கோடு போட்டு. நான் வாயைத் திறக்கலை :-)

உங்களுக்கு இந்த மாதிரி சாவி தொலைஞ்ச அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. நாலு பேருக்கு உதவும்.